பழைய பேஸ்பால் அட்டையில் எது குறை?

ஆண்டி பாஃப்கோ நல்ல ஆட்டக்காரர். ஆனால் அமெரிக்க பேஸ்பாலின் மேதைகள் வரிசையில் அவரை யாரும் உட்கார வைப்பதில்லை. 1951 அக்டோபரில் எதிரணியின் பாபி தாம்சன் அடித்த புகழ்பெற்ற ஹோம் ரன், இடப்பக்கக் களத்தில் நின்றிருந்த பாஃப்கோவின் தலைக்கு மேல் சுவரைத் தாண்டிப் போனது. பந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் என்றே பலருக்கு அவரை நினைவிருக்கிறது. அப்படிப்பட்டவரின் அட்டை ஒன்று 1998இல் 83 ஆயிரம் டாலருக்கு மேல் விலைபோனது.

அவருடைய ஆட்டத்துக்கும் இந்த விலைக்கும் தொடர்பில்லை. 1952இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 407 அட்டைகள் கொண்ட வரிசையில் முதல் எண் பாஃப்கோவுக்குக் கிடைத்தது. சிறுவர்கள் அட்டைகளை எண்படி அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, ஷூ பெட்டிக்குள் வைத்தார்கள். அடுக்கின் உச்சியில் இருந்தவர் பாஃப்கோ. ரப்பரின் கடி அவருக்கு, தூசி அவருக்கு, பெட்டி மூடியின் உரசலும் அவருக்கு. அடியில் கிடந்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். அதனால் மூலை மழுங்காத, ஓரம் கடிபடாத பாஃப்கோ அட்டை அரிதாகிவிட்டது. குறையில்லாமை எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பதைப் புதியவருக்குப் புரியவைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இந்த அட்டைகளைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஒரு புறம் ஆட்டக்காரரின் படம், மறுபுறம் அவரைப் பற்றிய விவரமோ விளம்பரமோ அச்சிட்ட சிறு தாளட்டை, அவ்வளவுதான். 1909 முதல் 1911 வரை வந்த, இன்று டி206 என்று அழைக்கப்படும் வரிசை சிகரெட் பெட்டிக்குள் வந்தது. 1930களில் கௌடி, 1948 முதல் போமன், அடுத்து டாப்ஸ் என்று பபிள் கம் நிறுவனங்கள் தங்கள் கம் பொட்டலங்களில் வைத்து இந்த வேலையைத் தொடர்ந்தன. பாதுகாத்து வைப்பார்கள் என்று எண்ணி யாரும் இவற்றை அச்சிடவில்லை. சிறுவர்கள் சுவரோரமாக வீசி விளையாடினார்கள். சைக்கிள் சக்கரக் கம்பிகளில் படபடவென்று சத்தம் வரும்படி செருகினார்கள். கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். மிஞ்சியதே பெரிது.

இன்று அட்டையின் நிலையை அளக்க 1 முதல் 10 வரை ஓர் எண் தருகிறார்கள்; 10தான் உச்சம். 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ., இன்னொரு நிறுவனமான எஸ்.ஜி.சி. போன்றவை அட்டையைச் சோதித்து, எண்ணிட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருகின்றன. புகழ்பெற்ற ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் 1952 டாப்ஸ் அட்டை ஒன்று, எஸ்.ஜி.சி. 9.5 என்ற எண்ணுடன், 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. அதற்கு முந்தைய ஆண்டு அதே அட்டையின் வேறொரு பிரதி, பி.எஸ்.ஏ. 9 என்ற எண்ணுடன், 52 லட்சம் டாலருக்குப் போயிருந்தது. அதே மேன்டில் மடிந்து, மூலைகள் உருண்டு கிடந்தால் விலை பல்லாயிரங்களில் நின்றுவிடும். படம் ஒன்று, ஆட்டக்காரர் ஒருவர், ஆண்டும் ஒன்று. வேறுபாடு முழுவதும் காகிதத்தின் நிலையில் இருக்கிறது.

புதிதாக வருபவர் குறை எவ்வளவு பெரியது என்று பார்ப்பார். பழகியவர் அது யார் கையால் வந்தது என்று கேட்பார். அச்சகம் செய்ததா, சிறுவன் செய்ததா, காசுக்காக எவரோ செய்ததா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படித்தால் மற்றவை எளிதாகப் புரியும்.

முதலில் கண்ணில் படுவது மூலைகள். நான்கும் ஊசிமுனை போல இருந்தால் மேல் வகுப்பு. கையாளக் கையாள முனை முதலில் மழுங்கும், பிறகு தாளின் படலங்கள் பிரிந்து பஞ்சு போல விரியும், கடைசியில் உருண்டையாகும். ஓரங்களுக்கும் இதே கதைதான். வெள்ளை ஓரம் வைத்த அட்டையில் சிறு தேய்மானம் கண்ணுக்குத் தப்பிவிடும். 1971 டாப்ஸ் வரிசையில் ஓரம் முழுக்கக் கறுப்பு. நகம் பட்டால்கூட கறுப்பு மை உதிர்ந்து உள்ளிருக்கும் வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கும். அந்த வரிசையில் 752 அட்டைகள். அத்தனையையும் உயர்ந்த நிலையில் சேர்க்கக் கிளம்புபவரின் பொறுமையை வணங்கத்தான் வேண்டும். மர நிற ஓரம் வைத்த 1962 டாப்ஸும், தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஆட்டக்காரர் நிற்பது போல் வரைந்த 1955 போமனும் அதே தலைவலியைத் தருபவை.

அடுத்தது படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்பது. இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களுக்கு இது குறையாகவே தோன்றாது. அட்டைகளைத் தனித்தனியாக அச்சிடுவதில்லை. ஒரு பெரிய தாளில் பல அட்டைகளை வரிசையாக அச்சிட்டு, பிறகு வெட்டும் இயந்திரத்தில் கொடுப்பார்கள். தாள் ஒரு நூல் விலகினாலும் படத்தின் ஒரு பக்க விளிம்பு அகலும், மறுபக்கம் குறுகும். இடப்பக்க வெள்ளை 3 மில்லிமீட்டர், வலப்பக்கம் 2 மில்லிமீட்டர் என்றால் சேகரிப்பாளர் அதை 60க்கு 40 என்பார். அந்த அளவுக்குப் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள். 80க்கு 20 ஆனால் முகம் சுளிப்பார்கள். படம் ஒரு பக்கம் முழுக்க வெட்டுப்பட்டு, பக்கத்து அட்டையின் துண்டு உள்ளே வந்துவிட்டால் அது வேறு வகை, தப்பு வெட்டு. மூலைகளும் மேற்பரப்பும் நன்றாக இருந்து, படம் மட்டும் விலகியிருந்தால், பி.எஸ்.ஏ. எண்ணைக் குறைக்காமல் பக்கத்தில் ‘நடுவில் இல்லை’ என்று பொருள்படும் சுருக்கெழுத்தைச் சேர்ப்பதும் உண்டு. சந்தையில் அந்தச் சுருக்கெழுத்தைக் கண்டதும் விலை சரிந்துவிடும்.

இதில் அநியாயம் என்னவென்றால், அந்த அட்டையைப் பொட்டலத்திலிருந்து எடுத்த சிறுவன் கையே படாமல் எழுபது ஆண்டுகள் பெட்டியில் வைத்திருந்தாலும் அது பிறவிக் குறையுடன்தான் இருக்கும். தபால்தலை சேகரித்தவர்களுக்கு இது புதிதல்ல. துளைகள் படத்தைக் கடித்திருந்தால் அவர்களும் ஒதுக்கிவிடுவார்கள். என் கண்ணுக்கு இடம் வலம் விலகல்கூடப் பரவாயில்லை. வெட்டு சாய்ந்து, மேலே விளிம்பு அகன்று கீழே குறுகி, ஆட்டக்காரர் கப்பல் தளத்தில் நிற்பது போல் சரிந்திருக்கிறாரே, அதைத்தான் பார்க்க முடியவில்லை. ஒருமுறை கண்ணில் பட்டால் பிறகு மறையாது.

மடிப்புக்கு வருவோம். மடிப்பு என்பது தாளின் நார் முறிவது. அதைச் சரிசெய்ய முடியாது, மறைக்கத்தான் முடியும். இரு புறமும் தெரியும் மடிப்பு ஒன்று இருந்தால், மற்றபடி அழகான அட்டைகூட 3 அல்லது 4க்கு மேல் ஏறுவது அரிது. அதைவிடத் தொல்லை தருவது மெல்லிய சுருக்கம். நேராகப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. விளக்கின் கீழ் அட்டையைச் சாய்த்துத் திருப்பும்போது மயிரிழை போல ஒரு கோடு மின்னி மறையும். ஸ்கேனர் ஒளி நேராக விழுவதால் ஸ்கேன் படத்தில் இது பெரும்பாலும் தெரியாது. உறையில்லாத அட்டையை இணையத்தில் வாங்கும்போது, ஒளியில் சாய்த்து எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் வாங்காமல் விட்டால் நட்டமில்லை.

கறைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. டாப்ஸ் பொட்டலத்தின் மேலுறை மெழுகுத்தாள். சூடுபடுத்தி ஒட்டும்போது மெழுகு உருகி, ஓரத்தில் இருக்கும் அட்டையில் படியும். பபிள் கம் வில்லை எந்த அட்டையைத் தொட்டுக்கொண்டிருந்ததோ அதில் பழுப்பு நிறச் சதுரம் விழும். கிராக்கர் ஜாக் அட்டைகளின் கதை இன்னும் சுவையானது. 1914இல் அவை சோளப்பொரியும் வேர்க்கடலையும் பாகில் புரட்டிய தின்பண்டத்தின் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. பாகுக் கறை படியாத 1914 அட்டை கிடைப்பது கடினம். அடுத்த ஆண்டு, பெட்டியில் வரும் கூப்பன்களைச் சேர்த்து அனுப்பினால் முழு வரிசையையும் தபாலில் தந்தார்கள். பாகைத் தொடாத அந்த அட்டைகள் பல இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. பெரும்பாலும் ஒரே படங்கள்தாம். ஒரே ஓராண்டு இடைவெளியில், சுத்தமான அட்டை கிடைக்கும் வாய்ப்பு அடியோடு மாறிவிட்டது.

முன்புறத்தில் ஒட்டிய மெழுகை நைலான் காலுறையால் மெதுவாகத் தேய்த்து எடுக்கும் வழக்கம் உண்டு. இது துடைப்பதா, திருத்துவதா? காகிதத்தைத் தொடாமல் அதன் மேல் ஒட்டியதை மட்டும் எடுப்பதில் தவறில்லை என்பது பலரின் கட்சி. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பழைய சிகரெட் அட்டைகளைச் சிலர் மாவுப்பசையால் ஒட்டுப்புத்தகத்தில் ஒட்டிவைத்தார்கள். அவற்றை வெறும் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுப்பதையும் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். பொறுமையில்லாமல் பிய்த்தெடுத்தால்தான் வினை. பின்புறத்துத் தாள் பசையோடு போய்விடும்; முன்புறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எண் 1, 2 என்று இறங்கிவிடும். குறைந்த பணத்தில் அழகான அட்டை வேண்டுமென்றால் தேட வேண்டியது இதைத்தான். சட்டமிட்டு மாட்டினால் முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்?

எழுத்துக் கறையில் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. ஆட்டக்காரர் அணி மாறினால் சிறுவர்கள் பேனாவை எடுத்துப் பழைய அணியின் பெயரை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார்கள். முழு வரிசையின் பட்டியலை அச்சிட்ட அட்டையும் பொட்டலத்தில் வரும். கிடைத்தவற்றுக்கு எதிரே குறியிடுவதற்கென்றே கட்டம் போட்டுத் தந்த அட்டை அது. குறியிட்டதும் மதிப்புப் போய்விட்டது. சொன்னபடி செய்த பிள்ளைக்குத் தண்டனை! தரமிடும் நிறுவனம் ‘குறியிடப்பட்டது’ என்று எழுதி ஒதுக்கிவிடும். நானாக இருந்தால் அந்தப் பென்சில் குறிகளுக்காகவே வாங்குவேன், ஆனால் என் ரசனையைச் சந்தை கேட்பதில்லை.

அச்சகம் செய்த மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான்கு நிறத் தகடுகளில் ஒன்று விலகினால் முகம் இரட்டையாகத் தெரியும். நம் அச்சகங்களில் ‘ரிஜிஸ்டர் விலகிவிட்டது’ என்பார்களே, அதுதான். தூசு விழுந்த இடத்தில் மைப்புள்ளியோ வெள்ளைப் பொட்டோ இருக்கும். மை உலர்வதற்குள் தாள்களை அடுக்கியதால் ஓர் அட்டையின் படம் இன்னொன்றின் முதுகில் மங்கலாகப் பதிந்திருக்கும். இதைக் குறையென்று தள்ளுபவர்களும் உண்டு, விரும்பித் தேடுபவர்களும் உண்டு. கனடாவில் வெளிவந்த ஓ-பீ-சீ நிறுவன அட்டைகள் பலவற்றின் ஓரம் எலி கடித்தது போல் கரடுமுரடாக இருக்கும். அது அங்கே வெட்டிய முறையின் விளைவு, சிதைவு இல்லை.

1961 முதல் 1963 வரை போஸ்ட் நிறுவனத்தின் காலை உணவுப் பெட்டிகளின் முதுகில் அச்சாகி வந்த அட்டைகளைச் சிறுவர்களே கத்தரிக்கோலால் வெட்டியெடுத்தார்கள். கோணல் வெட்டு அவற்றின் இயல்பு. ஒரு வரிசையில் குறையாக இருப்பது இன்னொன்றில் பிறப்புச் சான்றாகிவிடுகிறது.

இதுவரை சொன்ன குறைகளில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இனி வருபவை அப்படியல்ல.

மழுங்கிய மூலையைக் கூராக்க எளிய வழி, அட்டையின் ஓரத்தை ஒரு நூலளவு வெட்டிவிடுவது. பெரிய விளிம்பையும் சின்ன விளிம்பையும் சமமாக்கவும் அதே கத்தி உதவும். வெட்டியபின் பழைய அட்டை புதிது போல் ஜொலிக்கும். சிறு குழந்தையின் எச்சில் கறையோடு இருக்கும் அட்டையைக்கூட மன்னிக்கும் சேகரிப்பாளர்கள் இதை மன்னிப்பதில்லை. கண்டுபிடித்தால் தரமிடும் நிறுவனங்கள் எண்ணே தருவதில்லை. கண்டுபிடிக்கும் வழிகள் எளியவை. அளவுகோல் முதலில்: 1957 முதல் டாப்ஸ் அட்டைகளின் அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், குறைந்தால் சந்தேகம். ஆனால் பழைய காலத்தில் வெட்டு சீராக இருந்ததில்லை என்பதால் அளவு மட்டுமே சாட்சியாகாது. மூன்று ஓரங்கள் பழுத்துப் பழுப்பேறி, நான்காவது மட்டும் நேற்று வெட்டியது போல் வெளுத்திருந்தால், அதுதான் சாட்சி. அதே வரிசையைச் சேர்ந்த மலிவான அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நல்லது.

நிறம் பூசுவது இன்னொரு திருட்டு. 1971 அட்டையின் வெளுத்த ஓரத்தில் கறுப்புப் பேனாவை ஓட்டினால் தூரத்திலிருந்து பார்க்கப் புதிதாக இருக்கும். அட்டையைப் பக்கவாட்டில் நிறுத்தி அதன் தடிப்பைப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய தாளின் வயிற்றில் மை ஊறியிருக்கும். புற ஊதா விளக்கு இன்னொரு துணை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்கும் வழக்கம் இல்லை. 1910ஆம் ஆண்டு அட்டை என்று சொல்லப்படுவது அந்த விளக்கின் கீழ் நீல வெண்மையாக ஒளிர்ந்தால், அதன் வயதைப் பற்றி விற்பவரிடம் பேச வேண்டியிருக்கும்.

வெட்டிய அட்டைகளிலேயே புகழ்பெற்றது உலகின் மிகப் புகழ்பெற்ற அட்டையேதான். டி206 வரிசையின் ஹோனஸ் வேக்னர் அட்டைகள் மிகக் குறைவாகவே வெளிவந்தன. அவற்றுள் மிக அழகான பிரதியை ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய தொழில் கூட்டாளி புரூஸ் மெக்னாலும் 1991இல் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். பி.எஸ்.ஏ. முதன்முதலாக எண்ணிட்ட அட்டை அது, எண் 8. எண்பது ஆண்டுப் பழைய சிகரெட் அட்டைக்கு மூலைகள் இவ்வளவு கூராக எப்படி வந்தன என்ற முணுமுணுப்பு நெடுநாள் இருந்தது. 2007இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஒருகாலத்தில் அந்த அட்டையை வாங்கி விற்றவரும், பின்னாளில் பெரிய ஏல நிறுவனம் நடத்தியவருமான பில் மாஸ்ட்ரோ, தன்மேல் வந்த மோசடி வழக்கில் 2013இல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அதன் ஓரங்களை வெட்டியது தான்தான் என்பதையும் ஒப்புக்கொண்டார். 2015இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. வேறொரு வேக்னர், யாரும் வெட்டாதது, தேய்ந்து கசங்கியது, வெறும் 2 என்ற எண் பெற்றது, 2022இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்றது.

வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: உறைமேல் இருக்கும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அட்டையைப் பாருங்கள். இரண்டு அட்டைகள் ஒரே 4 பெற்றிருக்கும். ஒன்று முகத்தின் குறுக்கே கோடு விழுந்தது, மற்றொன்று மூலை மட்டும் தேய்ந்து படம் நடுவில் அழகாக அமர்ந்தது. இரண்டாவதை எடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு நான்கு திருகு போட்டு இறுக்கும் பழைய பிளாஸ்டிக் தகடுகளில் வைக்காதீர்கள். அவை தாளை அமுக்கித் தட்டையாக்கி, இல்லாத குறையை உண்டாக்கும்.

எந்த வகையிலும் அடங்காத குறை ஒன்றைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லவில்லை. 1933இல் கௌடி வெளியிட்ட 240 எண்கள் கொண்ட வரிசையில் 106ஆம் எண் எந்தப் பொட்டலத்திலும் வரவில்லை. வரிசையை முடிக்க முடியாமல் கம் வாங்கிக்கொண்டே இருந்தவர்களில் சிலர் நிறுவனத்துக்கே எழுதிக் கேட்டார்கள். 1934இல் நாப் லாஜோயின் படத்தோடு 106ஆம் அட்டையை அச்சிட்டு, எழுதியவர்களுக்கு மட்டும் தபாலில் அனுப்பினார்கள். பொட்டலத்துக்குள் போகாததால் அதில் கம் கறை இல்லை, மெழுகும் இல்லை. ஆனால் பல பிரதிகளின் ஓரத்தில் ஒரு வளைந்த அழுத்தத் தடம் இருக்கிறது. கடிதத்தோடு சேர்த்து ஜெம் கிளிப் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். தரமிடுபவர் அதற்காக எண்ணைக் குறைக்கிறார். ஏலப் பட்டியல் எழுதுபவரோ அந்தத் தடத்தைத் தனி வரியில் குறிப்பிடுகிறார்.